மறுக்கப்பட்ட கதைக்கு இடம் தந்தவர்

நுழையும்முன்

நாம் விரும்பிப் படிக்கும் ஒரு கதையின் தொடக்கத்தில் அதை எழுதியவரின் பெயர் இருக்கும். அக்கதையை அவருக்கு அடுத்ததாகப் படித்து, ‘இஃது அச்சேறத் தக்கது’ என்று முடிவு செய்த ஒருவரும் இருப்பார். அவரே இதழாசிரியர். அவருடைய பெயரை நாம் தேடிப் பார்ப்பதில்லை. எழுத்தாளராகவும் இதழாசிரியராகவும் ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகள் உழைத்த அமெரிக்கர் ஒருவரின் வாழ்வைக் கூறுகிறது இப்பாடம். பிறர் எழுத்தைப் பொறுமையோடு படிப்பதும் ஓர் ஆக்கப்பணியே என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.

ஊர் மாறிய இளமை

பிரெடரிக் போல் 1919ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை பல தொழில்களைச் செய்து பார்த்தவர். வேலை மாறியபோதெல்லாம் குடும்பமும் இடம் பெயர்ந்தது. டெக்சாஸ், கலிபோர்னியா, நியூ மெக்சிகோ, பனாமா கால்வாய்ப் பகுதி எனப் பல இடங்களில் வாழ்ந்தபின், சிறுவனுக்கு ஏறத்தாழ ஏழு வயதானபோது அக்குடும்பம் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் நிலையாகக் குடியேறியது. பெற்றோரின் பணிமாற்றத்தால் பழகிய பள்ளியையும் நண்பர்களையும் பிரிந்த பட்டறிவு உங்களுள் பலருக்கும் இருக்கும். அவ்வாறு ஊர் மாறி வளர்ந்த ஒருவரே இப்பாடத்தின் தலைவர்.

அவருக்குப் பத்து வயதாகியிருந்த காலத்தில் அறிவியல் புனைகதை இதழ் ஒன்று அவர் கைக்கு வந்தது. அறிவியல் புனைகதை என்பது, இன்றைய அறிவியலை அடிப்படையாகக் கொண்டு, ‘இவ்வாறு நேர்ந்தால் என்ன ஆகும்?’ என்று வினவி எழுதப்படும் கதை. அவ்வகைக் கதைகளுக்கென்றே ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்னும் ஆங்கில இதழை 1926ஆம் ஆண்டு ஹியூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர் தொடங்கியிருந்தார். மலிவான தாளில், கண்ணைக் கவரும் அட்டைப்படத்தோடு அத்தகைய இதழ்கள் வெளிவந்தன. சிறுவன் அவற்றை ஒன்றுவிடாமல் தேடிப் படித்தான். பின்னர் எழுதவும் தொடங்கினான். 1937ஆம் ஆண்டு அக்டோபர் மாத ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழில் நிலவைப் பற்றிய அவருடைய கவிதை, ‘எல்டன் ஆண்ட்ரூஸ்’ என்னும் புனைபெயரில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 17.

அதே வயதில் அவர் புரூக்ளின் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியிலிருந்து படிப்பை முடிக்காமலே வெளியேறினார். அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சியில் சிக்கியிருந்த காலம் அது. பள்ளியை விட்டாரேயன்றி அவர் படிப்பை விடவில்லை. இந்தப் பள்ளியின் பெயரை நினைவில் வையுங்கள். பாடத்தின் இறுதியில் அது மீண்டும் வரும்.

பத்தொன்பது வயது இதழாசிரியர்

1938ஆம் ஆண்டு நியூயார்க்கில் இளைஞர் சிலர் ‘ஃபியூச்சரியன்ஸ்’ என்னும் குழுவை அமைத்தனர். ‘எதிர்காலத்தார்’ என்று அப்பெயரைத் தமிழில் கூறலாம். பிரெடரிக் போலும் அவர்களுள் ஒருவர். அவர்கள் தம் கதைகளை ஒருவருக்கொருவர் படிக்கக் கொடுத்தனர். குறைகளைத் தயங்காமல் எடுத்துக் கூறினர். அக்குழுவில் ஐசக் அசிமோவ் என்னும் இளைஞரும் இருந்தார். ரஷ்யாவில் பிறந்து, மூன்று வயதில் பெற்றோருடன் அமெரிக்காவுக்கு வந்தவர் அவர். புரூக்ளினில் அவர் குடும்பம் மிட்டாய்க் கடை நடத்தி வந்தது.

1939ஆம் ஆண்டு பிரெடரிக் போல் ஒரு பதிப்பகத்தை அணுகி வேலை கேட்டார். வாரம் 10 டாலர் ஊதியத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. ‘அஸ்டானிஷிங் ஸ்டோரீஸ்’, ‘சூப்பர் சயின்ஸ் ஸ்டோரீஸ்’ என்னும் இரண்டு புதிய இதழ்களுக்கு அவர் ஆசிரியரானார். அப்போது அவருக்கு வயது 19.

பதவி பெரிது, பணமோ சிறிது. கதை எழுதுவோருக்குச் சொல் ஒன்றுக்கு அரை சென்ட் வீதமே அவரால் தர முடிந்தது. நான்காயிரம் சொற்கள் கொண்ட கதைக்கு 20 டாலர் கிடைக்கும். புகழ்பெற்ற எழுத்தாளர்கள் தம் கதைகளை மிகுந்த சன்மானம் தரும் இதழ்களுக்கே முதலில் அனுப்பினர். அங்கே மறுக்கப்பட்டவை பல இவருடைய மேசைக்கு வந்தன. பிறர் வேண்டாம் என்றவற்றுள் நல்லவை எவை என்று கண்டறிவதே அவருடைய அன்றாட வேலையாயிற்று.

ராபியின் கதை

அசிமோவ் 1939ஆம் ஆண்டு ‘ராபி’ என்னும் கதையை எழுதினார். குளோரியா என்னும் சிறுமியைப் பார்த்துக்கொள்ளும் இயந்திர மனிதனின் கதை அது. ராபிக்குப் பேசத் தெரியாது. ஆனால் அது குளோரியாவோடு விளையாடும். அவள் கூறும் கதைகளைக் கேட்கும். இயந்திரத்தோடு தம் மகள் பழகுவதை விரும்பாத தாய், அதனை வீட்டிலிருந்து அகற்றச் செய்கிறார். குழந்தையோ தன் தோழனை மறக்க மறுக்கிறாள்.

அக்காலத்தில் இத்துறையின் முதன்மை இதழாக விளங்கியது ‘அஸ்டவுண்டிங்’. அதன் ஆசிரியர் ஜான் கேம்பல், அசிமோவுக்கு வழிகாட்டியாக இருந்தவர்; அவருடைய கதைகள் பலவற்றை வெளியிட்டவர். எனினும் இந்தக் கதையை அவர் ஏற்கவில்லை. 1940ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பிரெடரிக் போல் அதை ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டு செப்டம்பர் மாத ‘சூப்பர் சயின்ஸ் ஸ்டோரீஸ்’ இதழில் கதை வெளிவந்தது. எழுதியவருக்கும் ஏற்றவருக்கும் அப்போது வயது இருபதே.

அசிமோவ் எழுதிய முதல் இயந்திர மனிதக் கதை அதுவே. பின்னாளில் உலகெங்கும் படிக்கப்பட்ட ‘நான், ரோபோ’ என்னும் அவருடைய தொகுப்பில் அஃது இடம்பெற்றது. ஓர் இதழாசிரியர் மறுத்துவிட்டதால் மட்டும் ஒரு கதை தகுதியற்றதாகிவிடாது என்பதற்கு இது சான்று.

இந்நிகழ்ச்சிக்கு மற்றொரு பக்கமும் உண்டு. கதையை ஏற்ற பிரெடரிக் போல் அதன் தலைப்பை ‘விந்தையான விளையாட்டுத் தோழன்’ என்னும் பொருள்பட மாற்றிவிட்டார். அசிமோவுக்கு அம்மாற்றம் பிடிக்கவில்லை. நூலாக வந்தபோது ‘ராபி’ என்னும் தம் தலைப்பையே மீண்டும் வைத்தார். கதையின் தகுதியைச் சரியாக மதிப்பிட்ட இதழாசிரியர், அதன் தலைப்பில் எழுத்தாளரின் மனத்தை அறியவில்லை. பிறர் எழுத்தில் கைவைப்போர் எப்போதும் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி இது.

போரும் விளம்பரமும்

இரண்டாம் உலகப்போரின்போது 1943ஆம் ஆண்டு பிரெடரிக் போல் படையில் சேர்ந்தார். விமானப் படைப்பிரிவில் வானிலைக் கணிப்புப் பணியாற்றி, இத்தாலிக்கும் சென்றார். போருக்குப்பின் விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதுபவராகச் சிறிது காலம் வேலை செய்தார். எழுத்தாளர்களின் முகவராகவும் இருந்தார். இதழ் ஒன்று மறுத்ததால் அசிமோவிடம் கிடப்பில் கிடந்த ஒரு நெடுங்கதையை டபுள்டே என்னும் பதிப்பகத்துக்குக் கொண்டு சேர்த்தவர் அவரே. 1950ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூல்தான் அசிமோவின் முதல் புதினம். ஆயினும் முகவர் தொழில் பிரெடரிக் போலுக்குப் பொருள் ஈட்டித் தரவில்லை. சில ஆண்டுகளில் அதை அவர் மூட நேர்ந்தது.

விளம்பர நிறுவனத்தில் அவர் கண்டவை வீண்போகவில்லை. தம் நண்பர் சிரில் கோர்ன்புளூத்துடன் இணைந்து ‘விண்வெளி வணிகர்கள்’ என்னும் புதினத்தை எழுதினார். முதலில் ‘கேலக்ஸி’ இதழில் 1952ஆம் ஆண்டு தொடராக வந்து, மறு ஆண்டு நூலாயிற்று. அக்கதையின் உலகை அரசுகள் ஆள்வதில்லை. விளம்பர நிறுவனங்களே ஆள்கின்றன. மக்கள்தொகை பெருகி, இருக்க இடமின்றி மக்கள் அல்லற்படுகின்றனர். குடித்தவர் மீண்டும் மீண்டும் நாடும்படி செய்யும் ஒரு பானம் காபியின் பெயரால் விற்கப்படுகிறது. மனிதர் வாழத் தகுதியற்ற வெள்ளிக் கோளுக்கு மக்களை ஆசைகாட்டி அனுப்பும் விளம்பரப் பொறுப்பு கதைத்தலைவனிடம் ஒப்படைக்கப்படுகிறது. விளம்பரத்தை எழுதுபவனே அதன் கொடுமையில் சிக்கும்போது என்ன நேர்கிறது என்பதே கதை.

தானியங்கி வண்டி வரும் என்று முன்னறிவது மட்டும் போதாது. அதனால் விளையும் போக்குவரத்து நெரிசலையும் நல்ல அறிவியல் புனைகதை முன்னறிய வேண்டும் என்னும் கருத்து பிரெடரிக் போலுடையதாகக் கூறப்படுகிறது. அவருடைய புதினங்கள் இக்கருத்துக்கு இலக்கியமாக அமைந்தவை. புதிய கருவியைக் கண்டு வியப்பதோடு அவர் நிற்பதில்லை. அக்கருவி யாருக்கு நன்மை தருகிறது, யாரை வருத்துகிறது என்றும் வினவுகிறார்.

மீண்டும் ஆசிரியர் நாற்காலியில்

1961ஆம் ஆண்டு ‘கேலக்ஸி’, ‘இஃப்’ ஆகிய இரண்டு இதழ்களுக்கு அவர் ஆசிரியரானார். ‘இஃப்’ என்றால் ‘ஒருவேளை’ என்று பொருள். இரண்டனுள் ‘கேலக்ஸி’ மிகுந்த மதிப்பும் சன்மானமும் உடையது. ‘இஃப்’ அதன் தம்பியாகவே கருதப்பட்டது. அந்தத் தம்பி இதழில் புதியவர்களுக்குத் தொடர்ந்து இடமளிக்க அவர் திட்டமிட்டார். அதுவரை ஒரு கதையும் அச்சேறாத எழுத்தாளரின் முதல் கதையைத் தேடி வெளியிட்டார். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற லாரி நிவெனின் முதல் கதை 1964ஆம் ஆண்டு ‘இஃப்’ இதழில்தான் வந்தது. உலக அறிவியல் புனைகதை மாநாட்டினர் வாக்களித்து வழங்கும் ஹியூகோ விருதை, சிறந்த இதழுக்காக ‘இஃப்’ 1966, 1967, 1968 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து பெற்றது.

1968ஆம் ஆண்டு வியட்நாம் போர் பற்றி அமெரிக்க எழுத்தாளர்கள் இரு அணிகளாகப் பிரிந்து நின்றனர். போரை ஆதரித்தோர் தம் பெயர்களோடு ஒரு விளம்பரம் கொடுத்தனர். எதிர்த்தோர் மற்றொன்று கொடுத்தனர். ‘கேலக்ஸி’ இதழ் அவ்விரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வெளியிட்டது. ஒரே இதழை விரும்பிப் படிப்போரும் அதில் எழுதுவோரும் நாட்டின் பெரிய வினாவில் எவ்வாறு வேறுபட்டு நிற்கின்றனர் என்பதை வாசகர் ஒரே பார்வையில் கண்டனர்.

நண்பர் விட்டுச்சென்ற பக்கங்கள்

1969ஆம் ஆண்டு இதழ்ப் பொறுப்பிலிருந்து விலகியபின் அவருடைய எழுத்து மேலும் வளம் பெற்றது. செவ்வாய்க் கோளில் வாழ்வதற்காக உடல் மாற்றியமைக்கப்படும் மனிதனின் துயரைக் கூறும் ‘மேன் பிளஸ்’ 1976ஆம் ஆண்டு வெளிவந்து நெபுலா விருதைப் பெற்றது. அடுத்த ஆண்டு வெளிவந்த ‘கேட்வே’ நெபுலா, ஹியூகோ ஆகிய இரண்டு விருதுகளையும் வென்றது. மறைந்துபோன அயற்கோள் இனத்தார் விட்டுச்சென்ற கலங்கள் அக்கதையில் வருகின்றன. அவற்றில் ஏறுவோருக்குத் தாம் எங்கே செல்கிறோம் என்பது தெரியாது. செல்வத்தோடு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னரே, 1958ஆம் ஆண்டு, நண்பர் கோர்ன்புளூத் தம் 34ஆம் வயதில் காலமாகியிருந்தார். முடிவுறாத கதைகள் சிலவற்றை அவர் விட்டுச்சென்றார். பிரெடரிக் போல் அவற்றைப் பல ஆண்டுகள் காத்து, ஒவ்வொன்றாக நிறைவுசெய்தார். அவற்றுள் ஒன்று, சிறப்புக் கவனம் வேண்டிய மகனைப் பெற்ற தந்தையின் கதை. 1972ஆம் ஆண்டு இருவர் பெயரிலும் வெளிவந்து, மறு ஆண்டு ஹியூகோ விருதைப் பெற்றது. நண்பர் மறைந்து 15 ஆண்டுகளுக்குப்பின் அவருக்குக் கிடைத்த சிறப்பு அது.

திருகோணமலைக் கதைத்தலைவன்

‘2001: ஒரு விண்வெளிப் பயணம்’ என்னும் கதையால் புகழ்பெற்ற ஆர்தர் சி. கிளார்க் 1956ஆம் ஆண்டு முதல் இலங்கையில் வாழ்ந்தவர். முதுமையில் அவர் ஒரு புதினத்தைத் தொடங்கினார். உடல்நலக் குறைவால் முடிக்க இயலவில்லை. தம் குறிப்புகளைப் பிரெடரிக் போலிடம் ஒப்படைத்தார். 2008ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆம் நாள் கிளார்க் மறைந்தார். ‘கடைசித் தேற்றம்’ என்னும் பொருள் தரும் தலைப்போடு அந்நூல் அவ்வாண்டே வெளிவந்தது. அதை எழுதி முடித்தபோது பிரெடரிக் போல் தம் 89ஆம் வயதில் நடந்துகொண்டிருந்தார்.

அப்புதினத்தின் தலைவன் ரஞ்சித் சுப்பிரமணியன், திருகோணமலையைச் சேர்ந்த தமிழ் இளைஞன். கோயில் பூசகர் ஒருவரின் மகன். அவன் மனத்தை ஒரு கணக்கு ஆட்கொள்கிறது. மூன்றின் வர்க்கமும் நான்கின் வர்க்கமும் சேர்ந்தால் ஐந்தின் வர்க்கமாகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் வர்க்கத்துக்கு மேற்பட்ட எந்த அடுக்கிலும் இவ்வாறு பொருந்தும் மூன்று மிகை முழு எண்களைக் காண இயலாது என்று பிரான்சு நாட்டு ஃபெர்மா 17ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தார். 1990களில் ஆண்ட்ரூ வைல்ஸ் மிக நீண்ட நிறுவல் ஒன்றை அளித்தார். சுருக்கமான நிறுவல் ஒன்றைத் தேடுகிறான் ரஞ்சித். தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு மாணவனை உலக அறிவியல் புனைகதையின் தலைவனாக்கிய நூலில், இதழாசிரியராகத் தொடங்கிய இவருடைய கையும் இருந்தது.

திரும்பி வந்த சான்றிதழ்

2009ஆம் ஆண்டு, தாம் முடிக்காமல் விட்டுவந்த அதே புரூக்ளின் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி, அவருக்கு மதிப்புறு பள்ளிச் சான்றிதழ் வழங்கியது. 1993ஆம் ஆண்டே அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் அமைப்பின் ‘பெருங்கலைஞர்’ சிறப்பைப் பெற்றுவிட்டவர் அவர். 2010ஆம் ஆண்டு, தம் தொண்ணூறாம் வயதில், சிறந்த ரசிக எழுத்தாளருக்கான ஹியூகோ விருதும் பெற்றார். இதழாசிரியராகவும் எழுத்தாளராகவும் விருதுகள் வென்றவர், இறுதியில் ரசிகராகவும் ஒரு விருது பெற்றார். பத்து வயதில் ஓர் இதழைக் கையிலெடுத்த அந்த வாசகன் அவருக்குள் மறையவே இல்லை. 2013ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள், 93ஆம் வயதில் அவர் காலமானார்.

மாணவர்களே! அடுத்த முறை உங்கள் தோழர் தாம் எழுதியதை உங்களிடம் நீட்டினால், அதை முழுவதும் படியுங்கள். அஃது ஏற்கெனவே எங்கோ மறுக்கப்பட்டதாகவும் இருக்கலாம்.

சொல்லும் பொருளும்

அச்சேறுதல் – அச்சிட்டு வெளிவருதல்
கிடப்பில் – கவனிக்கப்படாமல் ஒதுங்கிய நிலையில்
சன்மானம் – எழுத்துக்குத் தரப்படும் பணம்
தேற்றம் – நிறுவத்தக்க கணித உண்மை
நிறுவல் – ஓர் உண்மையைப் படிப்படியாக மெய்ப்பித்தல்
பட்டறிவு – அனுபவம்
முகவர் – பிறருக்காகத் தொழில் பேசி முடிப்பவர்

பயிற்சி

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ‘ராபி’ கதை முதலில் வெளிவந்த இதழ் ________
(கேலக்ஸி, அஸ்டவுண்டிங், சூப்பர் சயின்ஸ் ஸ்டோரீஸ்)

2. ‘விண்வெளி வணிகர்கள்’ புதினத்தை எழுத உதவிய பட்டறிவு ________
(வானிலைப் பணி, விளம்பரப் பணி, முகவர் பணி)

3. ‘கடைசித் தேற்றம்’ புதினத்தின் தலைவன் பிறந்து வளர்ந்த நாடு ________
(இலங்கை, இந்தியா, பிரான்சு)

ஆ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. பிரெடரிக் போலின் குடும்பம் அடிக்கடி ஊர் மாறியது ஏன்?
2. புகழ்பெற்ற எழுத்தாளர்கள் அவருடைய இதழ்களுக்குத் தம் கதைகளை முதலில் அனுப்பாததற்குக் காரணம் என்ன?
3. ‘ராபி’ கதையின் தலைப்பில் நேர்ந்த மாற்றம் யாது? எழுத்தாளர் பின்னர் என்ன செய்தார்?

இ) ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. எதிரெதிர்க் கருத்துகள் கொண்ட இரண்டு விளம்பரங்களையும் ஒரே இதழில் வெளியிட்டது சரியா? உம் கருத்தைக் காரணத்தோடு எழுதுக.
2. மறைந்த நண்பரின் கதையை நிறைவுசெய்யும்போது ஓர் எழுத்தாளர் எவற்றில் கவனமாக இருக்க வேண்டும்?

ஈ) மொழிப்பயிற்சி

1. பிரித்து எழுதுக: அச்சேறிய, இதழாசிரியர், அஃதுண்டு
2. ‘புனைகதை’ என்பது வினைத்தொகை. இதேபோன்று அமைந்த மூன்று சொற்களை எழுதுக.
3. செயப்பாட்டுவினைத் தொடராக மாற்றுக: இதழாசிரியர் கதையை வெளியிட்டார்.
(எடுத்துக்காட்டு: கேம்பல் கதையை மறுத்தார் – கதை கேம்பலால் மறுக்கப்பட்டது.)

உ) செயல்திட்டம்

வகுப்பில் இருவர் இருவராகச் சேருங்கள். ‘நாங்கள் புதிய ஊருக்கு வந்த நாள்’ என்னும் தலைப்பில் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதி, தாளை மாற்றிக்கொள்ளுங்கள். தோழர் எழுதியதில் சிறந்த ஒரு தொடரை அடிக்கோடிடுங்கள். தெளிவாகாத ஓர் இடத்தைக் குறித்து வினா எழுப்புங்கள். அவருடைய இசைவின்றி எதையும் திருத்தாதீர்கள். பின்னர் எல்லாவற்றையும் தொகுத்து வகுப்பிற்கென ஒரு கையெழுத்து இதழை உருவாக்குங்கள்.